அசல்

பழைய சைக்கிள் வாங்க என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எல்லாம் அசல்தானா?" பெங்களூரிலிருந்து வருகிறவரும் கேட்கிறார், சென்னையிலிருந்து வருகிறவரும் கேட்கிறார். சேத்தியாத்தோப்பில் விருத்தாசலம் சாலையில் கீற்றுக்கொட்டகை போட்ட என் பட்டறையில், அவர்களுக்கென்று வரவழைத்த டீ ஆறுவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். சிலரிடம் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கிறேன். சிலரிடம் 'முக்கால்வாசி' என்று சொல்லியிருக்கிறேன். இரண்டும் பொய் என்று எனக்குத் தெரியும். எந்த அளவுக்குப் பொய் என்பதுதான் இத்தனை வருஷங்களாகப் பிடிபடாமல் இருக்கிறது.

அசல் என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வேர், மூலம் என்று பொருள். நம் கிராமங்களுக்கு அது வட்டிக்கடை வழியாகத்தான் அறிமுகம். வட்டி கட்டியே ஓய்ந்துபோனவர்கள் கடைசிவரை தொட முடியாமல் விட்டுப்போகிற ஒன்றுக்கு அசல் என்று பெயர். என் தொழிலைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது அர்த்தமே பொருத்தம் என்று இப்போது தோன்றுகிறது. அது ஏன் என்று எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

*

என் தாய்மாமன் கடைவீதியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். பன்னிரண்டு வண்டிகள். மட்கார்டுகளில் வெள்ளைப் பெயிண்டால் எண். எடுத்துப்போகிறவனின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொள்வது பள்ளிக்கூடம் விட்ட பிறகு என் வேலை. குரங்குப் பெடல் போட்டுப் பழகுகிற பையன்கள் சாலையோரம் கிடந்த வீராணம் குழாய்கள் வரைக்கும் போய்த் திரும்புவார்கள். சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்கென்று எழுபதுகளில் கொண்டுவந்து போட்டு, அப்படியே விடப்பட்ட ராட்சசக் குழாய்கள் அவை. அவற்றுக்குள் சைக்கிளோடு நுழைந்து மணியடித்துப் பார்ப்பதற்காகவே அரைமணி வாடகை கொடுத்தவர்கள் உண்டு.

செயின் வீலைப் பார்த்து வண்டியின் பெயரைச் சொல்வதுதான் மாமா கற்றுக்கொடுத்த முதல் பாடம். வெட்டுருவில் நாரைத் தலைகள் தெரிந்தால் ராலி. ஐந்து மனிதர்கள் ஓடிக்கொண்டிருந்தால் ஹம்பர். உள்ளங்கை தெரிந்தால் ரட்ஜ். மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய முத்திரை இருந்தால் பி.எஸ்.ஏ. மாமாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. கொக்கு வண்டி, ஓட்டக்கார வண்டி, கை வண்டி, துப்பாக்கி வண்டி என்பார். தன்னுடைய ரட்ஜை மாமா கைவண்டி என்று சொன்னதைக் கேட்டு, தள்ளுவண்டி என்கிறார் போலிருக்கிறது என்று ஒரு தலைமைக் குமாஸ்தா சண்டைக்கே வந்துவிட்டார்.

இந்த முத்திரைகளின் கதை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பி.எஸ்.ஏ. 1861இல் பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்வதற்காக ஏற்பட்ட கம்பெனி. ராலி 1887இல் நாட்டிங்ஹாமில் ஆரம்பித்தது. ஹம்பரின் சைக்கிள் தொழிலை 1932இல் ராலி வாங்கிக்கொண்டது. 1943இல் ரட்ஜும், 1957இல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பகுதியும் ராலிக்கே போய்ச் சேர்ந்தன. ஆக, நம் தாத்தாக்கள் ஹம்பர்தான் உசத்தி, இல்லை ராலிதான் உசத்தி என்று திண்ணையில் வாதாடிக்கொண்டிருந்த காலத்திலேயே இரண்டுக்கும் எஜமானன் ஒருவன்தான். ஓடுகிற மனிதர்களை வெட்டுவதா நாரையை வெட்டுவதா என்பது மட்டும் மிச்சமிருந்த வித்தியாசம்.

நாட்டிங்ஹாமின் அந்த ஆலையில் ஆலன் ஸில்லிட்டோ சிறுவயதில் வேலை பார்த்திருக்கிறார். 1958இல் வந்த அவருடைய முதல் நாவலின் ஆர்தர் ஸீட்டன் வாரம் முழுவதும் லேத்தின் முன்னால் நின்று எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிக் கடைந்துகொண்டே இருக்கிறான். என் பட்டறையில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு அச்சை அப்படி ஒரு ஸீட்டன் வெறுப்போடு கடைந்து எறிந்திருக்கக்கூடும் என்ற நினைப்பு அந்த நாவலைப் படித்த நாளிலிருந்து எனக்கு உண்டு. அசல் தேடி வருகிறவர்கள் பயபக்தியோடு கையில் எடுத்துப் பார்ப்பது அந்த அச்சைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு இங்கிலீஷ் வண்டிகளின் வரத்து சுருங்கியது. 1949இல் ஏற்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. அஸன்ஸோலில் ஸென்-ராலி, ஸோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ என்று ஐம்பதுகளில் நம் சைக்கிள்கள் கிளம்பின. ஓடுகிற இங்கிலீஷ் வண்டிகளில் தேய்ந்த இடங்களில் எல்லாம் இவற்றின் பாகங்கள் வந்து உட்கார்ந்தன. சிலது சுலபமாக உட்கார்ந்தது, சிலது அடித்து உட்காரவைக்கப்பட்டது. ராலி தன் பி.பி. கப்புகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை போட்டது. மற்ற பிரிட்டிஷ் வண்டிகளுக்கு 24. 26 கிடைக்காத ஊரில் 24ஐ வைத்து, கைப்பிடியில் இரும்புக்குழாய் செருகிய ஸ்பேனரால் முறுக்கினார்கள். மரை அழிந்தது, வண்டி ஓடியது. சேத்தியாத்தோப்பில் இன்று கிடைக்கும் ஒரு 1950 மாடல் ராலியில் பிரேம் நாட்டிங்ஹாம், போர்க் அஸன்ஸோல், மட்கார்டு அம்பத்தூர், பெடல் லூதியானா, கேரியர் உள்ளூர்க் கொல்லுப்பட்டறை.

விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காளி கோயிலில் தலையறுத்துக்கொண்ட இரண்டு பேரின் தலைகளை அந்தப் பெண் அவசரத்தில் மாற்றி ஒட்டிவிடுகிறாள். யார் புருஷன்? தாமஸ் மன் 1940இலும், கிரீஷ் கர்னாட் 1971இலும் எடுத்துக் குடைந்து பார்த்த கேள்வி இது. விக்கிரமாதித்தன் தயங்காமல் 'தலை' என்கிறான். என் வாடிக்கையாளர்களும் விக்கிரமாதித்தனின் வம்சம்தான். பிரேமில் அடித்த எண் எதுவோ அதுதான் வண்டி என்பார்கள். மன்னும் கர்னாடும் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. மாறிய உடம்பு என்ன ஆயிற்று, அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தொடர்ந்து போனார்கள். சைக்கிளைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் போவதற்கு யாரும் தயாராக இல்லை.

*

தொழிலைத் தாழ்த்திப் பேசுவது என் நோக்கம் இல்லை. காட்டர் பின் கழற்றுவது என்ற ஒரே ஒரு வேலையில் ஒருவனுடைய பொறுமை தெரிந்துவிடும். எழுபது வருஷத் துருவில் கிராங்க்கோடு ஒன்றிப்போன பின்னை அவசரக்காரன் சுத்தியலால் அடிப்பான். பின்னின் தலை மழுங்கும், பி.பி. அச்சு வளையும். இரவு முழுவதும் எண்ணெயில் ஊறவிட்டு, கிராங்க்குக்குக் கீழே தரையில் ஊன்றிய இரும்புக்குழாயை முட்டுக்கொடுத்து, நட்டைப் பாதி திருகிவைத்து, ஒரே அடி. வந்துவிட்டால் அன்றைக்கு வேறு ஒன்றும் செய்யத் தோன்றாது. பி.பி.க்கு ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11, பின் ஹப்புக்கு 9, முன் ஹப்புக்குச் சின்னக் குண்டு 10. முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ், பின் சக்கரத்துக்கு 40. ரிம்மைச் சுழலவிட்டுச் சாக்பீஸைப் பக்கத்தில் பிடித்தால் கோட்டமுள்ள இடத்தில் மட்டும் கோடு விழும். அந்த இடத்து நிப்பிளைக் கால் சுற்று. மறுபடி சாக்பீஸ். இந்த எண்ணிக்கையும் மௌனமும் கவிதை எழுதுகிற வேலைக்கு ரொம்ப அருகில் இருப்பதாக ஒரு காலத்தில் நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுவதில்லை. கவிதை மோசமாகிவிட்டால் யாரும் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொள்வதில்லை.

பெயிண்ட்தான் எனக்குச் சரியாக வராதது. பழைய வண்டிகளின் கறுப்பு சூட்டில் சுட்டெடுத்த எனாமல். நாம் தெளிக்கிற கறுப்புக்கு அந்த ஆழம் கிடையாது. ஒருமுறை விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை சுடுகிற நண்பரிடம் ஒரு ஜோடி மட்கார்டை எடுத்துக்கொண்டு போனேன். சூளையில் ஒரு ஓரமாக வைத்துத்தர முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எங்க சூளை 1200 டிகிரிக்கு மேல போவும். உம் பெயிண்ட்டுக்கு 150 போதும். அப்புறம் மட்கார்ட நீ அள்ளிக்கிட்டுத்தான் போவணும்." டீ குடித்துக்கொண்டே கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போய் காட்டினார். விரிசல் விட்டவை, வாய் கோணியவை, குழந்தை உயரத்துக்குக் குவியல். "சூட்டுல போறதுக்கு முன்னாடி எது வேணாலும் சரி பண்ணலாம். வெந்து வந்தாச்சுன்னா கெட்டது கெட்டதுதான். ஒட்டவும் முடியாது, திரும்பக் குழைக்கவும் முடியாது."

மட்கார்டுகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பி வருகிற வழியெல்லாம் இதுவே மனசில் ஓடியது. பீங்கானுக்கு அசல் உண்டு. சூளையிலிருந்து வெளியே வந்த கணத்தில் அது முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு அதற்கு நேர்வதெல்லாம் சேதம். இரும்பு அப்படி இல்லை. இரும்புக்கு ஒட்டு உண்டு, பட்டி உண்டு, நிமிர்த்தல் உண்டு. ஒரு சைக்கிள் கம்பெனியைவிட்டு வெளியே வரும்போது ஆரம்பிக்கத்தான் செய்கிறது. அசல் கேட்டு வருகிறவர்கள் சைக்கிளைப் பீங்கானாகப் பார்க்கிறார்கள். அவர்களுக்காக நானும் பீங்கானாக ஆக்கிக் கொடுக்கிறேன். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் நெய்வேலிப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் பொறுக்கிய உதிரிகளைச் சேர்த்து, அம்பத்தூரையும் லூதியானாவையும் கழற்றிவிட்டு, எழுபது வருஷங்களை இல்லாமல் பண்ணித் தருகிறேன். அதற்குத்தான் எனக்குக் காசு.

*

சில வருஷங்களுக்கு முன் பழைய இரும்பு வாங்குகிற பையன் ஒருவன் செய்தி கொண்டுவந்தான். வெள்ளாற்றங்கரைக் கிராமம் ஒன்றில், இறந்துபோன லஸ்கர் ஒருவரின் வீட்டில் கொக்கு வண்டி இருக்கிறது. பொதுப்பணித்துறையில் லஸ்கர் என்றால் மதகு திறந்து மூடுகிறவர், கரையைப் பார்த்துக்கொள்கிறவர், அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்து மேலே சொல்கிறவர். இவர் வீராணத்தில் இருந்தவர். சோழர் காலத்து ஏரி. கரை மட்டும் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். கீழணையிலிருந்து வடவாற்றில் வரும் கொள்ளிடத்துத் தண்ணீர் அதில் நிறையும். முழுக் கொள்ளளவில் 47.5 அடி. வெளியூர்க்காரர்களுக்கு அது கல்கியின் வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை. அவர்கள் அதைச் சொல்லும்போது நான் பேசாமல் கேட்டுக்கொள்வேன். அந்தக் கரையில் இந்த மனிதர் முப்பத்திரண்டு வருஷம் சைக்கிளில் போய்வந்திருக்கிறார்.

வண்டி மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஸீட்டின் மேல் கயிற்றையும் ரெக்ஸினையும் சுற்றியிருந்தது. முன் போர்க்கில் அரிக்கேன் விளக்கு மாட்ட வளைத்த இரும்புக் கொக்கி ஒன்றைக் கொல்லர் பற்றவைத்திருந்தார். பாரின் அடியில் மண்வெட்டிக் காம்பு செருக இரண்டு வளையம். நான் குனிந்து பின் ஹப்பைக் கட்டைவிரலால் துடைத்தேன். ஸ்டர்மி-ஆர்ச்சர், ஏ.டபிள்யூ., 51. மூன்று கியர் வண்டி. எந்த வருஷம் செய்தது என்பதை அவர்கள் ஹப்பின் மேலேயே அடித்துவிடுவார்கள். ரெக்ஸினை ஓரத்தில் விலக்கினால் உள்ளே புரூக்ஸ் தோல் ஸீட் அப்படியே இருந்தது. இருபதாயிரத்துக்குக் குறையாது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்ஜினீயர் ஒருத்தர் மாத்தலாகிப் போறப்ப இவர்கிட்ட குடுத்துட்டுப் போனது தம்பி" என்றார் அந்த அம்மாள். "ஆனா ரொம்பக் கனம். அவரத் தவிர யாராலயும் மிதிக்க முடியாது. எம்மவன் ஒருநாள் எடுத்துட்டுப் போயி பாதியில தள்ளிக்கிட்டு வந்துட்டான். ஆடிக்காத்துல எதுத்தாப்புல மிதிச்சிக்கிட்டுப் போவாரு. மத்த லஸ்கருங்க எல்லாம் எறங்கித் தள்ளுவாங்க. இவரு எறங்க மாட்டாரு."

நான் "ரொம்பப் பழசும்மா. இதுக்குப் பார்ட்ஸ் எதுவும் இப்பக் கெடைக்காது" என்றேன். அது உண்மை. எடைக்குப் போட்டால் ஐந்நூறு தேறும் என்றேன். அதுவும் உண்மை. எண்ணூறு கொடுத்தேன். நல்ல மனுஷன் என்று நினைத்திருப்பார்.

பட்டறையில் ஹப்பைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வலதுபக்க அச்சின் துளையிலிருந்து ஒரு மெல்லிய சங்கிலி வெளியே வந்திருக்க வேண்டும். அதை ஹேண்டில்பாரில் உள்ள நெம்புகோல் கேபிள் மூலம் இழுக்கும். லஸ்கரின் வண்டியில் சங்கிலியும் இல்லை, கேபிளும் இல்லை, நெம்புகோலும் இல்லை. துளையில் கரைமண் அடைத்து இறுகியிருந்தது. இந்த ஹப்பில் ஒரு குணம் உண்டு. இழுப்பு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை மூன்றாவது கியரில் கொண்டுபோய் வைத்துவிடும். சமதரையில் பின்காற்று அடிக்கும்போது வேகமாகப் போவதற்கான கியர் அது. சாதாரண வண்டியில் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுச் சுற்றினால் இதில் மூன்றே கால் சுற்றுக்கு மேல் சுற்றும். அதாவது ஒவ்வொரு மிதியிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பளு. அந்த மனிதர் முப்பத்திரண்டு வருஷமும், ஆடிக்காற்றிலும் ஐப்பசி மழையிலும், மண்வெட்டியோடும் அரிக்கேனோடும், அந்த ஒரே கியரில் மிதித்திருக்கிறார். மற்ற இரண்டு கியர்களும் ஹப்புக்குள் பயன்படாமலே இருந்தன. ஹப்பைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி நான்கு குட்டிப் பல்சக்கரங்கள். எல்லாம் பளிச்சென்று இருந்தன.

எங்கோ எப்போதோ கேபிள் அறுந்திருக்கும். சேத்தியாத்தோப்பில் வேறு கேபிள் கிடைத்திருக்காது. எவனோ ஒரு மெக்கானிக், இது எதற்கு அநாவசியமாக என்று சங்கிலியைக் கழற்றி எறிந்திருப்பான். அது என் மாமாவாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் கடைவீதியில் இரண்டே கடைதான்.

பிஸ்கட் டின்னில் வைத்திருந்த நெம்புகோலையும் சங்கிலியையும் எடுத்துப் பொருத்தி, கேபிள் இழுத்து, ஒரு விடியற்காலையில் வீராணம் கரைக்கு ஓட்டிப்போனேன். மூன்றாவதில் வைத்து எதிர்காற்றில் மிதித்தேன். அரை மைலில் தொடை கடுத்துவிட்டது. முதல் கியருக்குத் தள்ளினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். வண்டி தன் கனத்தை இறக்கிவைத்துவிட்டது. அந்த லேசில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு மனிதரின் உடம்பு முழுவதையும் ஆக்கிய ஒன்றை ஒரு விரலால் தள்ளி அப்புறப்படுத்திவிட்டது போலிருந்தது. அவருடைய பலமும், இறங்க மாட்டார் என்ற பெயரும், வீட்டில் அவரைப் பற்றி மிஞ்சியிருந்த ஒரே பெருமையும் ஒரு அறுந்த கேபிளிலிருந்து உண்டானவை. அதற்காக அவை பொய்யா? அவர் மிதித்த மிதியில் எதுவும் பொய்யில்லை.

சென்னையிலிருந்து வந்தவர் ஹப்பில் இருந்த 51ஐப் பார்த்ததும் மேற்கொண்டு பேசவில்லை. ரெக்ஸினைப் பிரித்துத் தோல் ஸீட்டைத் தடவினார். பிறகு போர்க்கைக் காட்டி, "இந்த அசிங்கம் என்ன?" என்றார். விளக்குக் கொக்கி என்றேன். "இது அசல் இல்லையே, எடுத்துடுங்க" என்றார். நான் ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரம் போட்டு, கறுப்புப் பூசிக் கொடுத்தேன். மண்வெட்டி வளையங்களையும் எடுத்தேன். இருபத்துநாலாயிரம் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து செல்போனில் படம் அனுப்பினார். வரவேற்பறைச் சுவரில், விளக்கு வெளிச்சத்தில், தரையைத் தொடாமல் தொங்குகிறது. 1913இல் மார்ஸெல் துஷாம் சைக்கிள் சக்கரத்தைப் போர்க்கோடு ஸ்டூலின் மேல் கவிழ்த்து வைத்தார். அவராவது அதை அவ்வப்போது சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

நாட்டிங்ஹாம் ஆலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. அஸன்ஸோலும் இல்லை. அட்லஸின் கடைசி ஆலையில் 2020 ஜூன் 3இல், உலக சைக்கிள் தினத்தன்று, வேலை நிறுத்தப்பட்டது. அசல்களின் வீடுகள் எல்லாம் மூடிக்கிடக்கின்றன. ஓடிக்கொண்டிருப்பவை ஒட்டுப்போட்டவை மட்டும்தான்.

அந்தப் படம் வந்து பத்து நாள் என்னால் பட்டறையில் சரியாக உட்கார முடியவில்லை. ஐயாயிரத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு வெள்ளாற்றங்கரைக்குப் போனேன். ஏன் ஐயாயிரம், ஏன் பன்னிரண்டாயிரம் இல்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வண்டி நல்ல விலைக்குப் போனது, இது உங்கள் பாக்கி என்று சொன்னேன். அவர் கவரைப் பிரித்துப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். அசல் என்னிடம் இருந்தது. நான் கொடுத்தது வட்டி.

கியர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போயிருந்தேன். உண்மை என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கங்களில் எத்தனையோ முறை எழுதியவன் நான். மோர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை மாட்டுக்கொட்டகையில் வண்டி சாய்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு தம்பி வாங்கினாங்க?"

"மெட்ராஸ்ல ஒருத்தரும்மா."

"மிதிக்க முடியுதாமா அவரால?"

கொஞ்சம் நேரம் எனக்கு வார்த்தை வரவில்லை.

"இல்லம்மா" என்றேன். "பாதி வழியில எறங்கித் தள்ளுறாராம்."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நாந்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

அறுத்தெடுத்த விளக்குக் கொக்கி என் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் சிலர் அது எந்த மாடலின் பாகம் என்று கேட்கிறார்கள். விற்பதற்கில்லை என்று சொல்லிவிடுகிறேன்.